மாடி வீடுகளுக்கு நடுவே ஒரு திருவிழா

எங்கள் வீட்டுக்கு வழி சொல்வது முன்பெல்லாம் மிகச் சுலபம். எங்கள் சின்னத் தெருவான ஒழுங்கைக்குள் வந்து "பெரிய வீடு எது?" என்று கேட்டால் போதும், யாரென்றாலும் கையைக் காட்டுவார்கள். அம்மாவுக்குச் சீதனமாக வந்து, பிறகு எனக்குச் சீதனமாக வந்த வீடு. ஓட்டுக் கூரை, அகலமான விறாந்தை, பூப்போட்ட சீமெந்து நிலம், வளவில் ஒரு கிணறு, கிணற்றடியில் தண்ணீர் இறைக்கிற மிசின். ஒழுங்கையிலேயே முதன்முதல் மிசின் வாங்கியது எங்கள் வீட்டில்தான் என்பதால் நாங்கள் வசதியான ஆட்கள். பள்ளிக்கூடத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்ததாகச் சொல்வார்கள். அதற்கும் அந்த மிசின்தான் காரணமாக இருக்க வேண்டும்.

வீடு இன்றைக்கும் அதே வீடுதான். சண்டைக் காலத்தில் உடைந்த பக்கத்தைத் திரும்பக் கட்டி வெள்ளையும் அடித்துவிட்டோம். கத்தரியும் மிளகாயும் வெங்காயமும் போடுகிற தோட்டம் கைவிட்டுப் போகவில்லை. மூன்று வேளையும் வயிறாரச் சாப்பிடுகிறோம். மகள் கம்பஸில் படிக்கிறாள். ஆனால் பார்சல் கொண்டு வருகிறவர்களுக்கு நான் போனில் வழி சொல்வது இப்படியாகிவிட்டது: "ரெண்டு மாடி வீடு வரும் தம்பி. அந்த ரெண்டுக்கும் நடுவிலை ஒரு பழைய ஓட்டு வீடு இருக்கும். பாத்து வாங்கோ, தவற விட்டிடுவியள்."

ஒன்றையும் இழக்காமலே ஏழையாகிற வித்தையை நாங்கள் அப்படித்தான் கற்றுக்கொண்டோம். இடப்பக்கம், ஊரிலிருந்து சுவிஸுக்கு உழைக்கப் போன சுவிஸ்காரர் மாடி கட்டினார். வலப்பக்கம் லண்டன்காரர் அதைவிட உயரமாகக் கட்டினார். இரண்டு வீட்டு மதில் விளக்குகளும் இரவில் எங்கள் முற்றத்தில்தான் விழுகின்றன. காசு கட்டாமல் வருகிற வெளிச்சம், அதற்கு நான் நன்றியுள்ளவள்தான். ஆனால் அந்த வெளிச்சத்தில் எங்கள் சுவரின் வெடிப்புகளும் நன்றாகத் தெரியும்.

வீட்டு வரிசையில்தான் இப்படி என்றால் கோயிலிலும் அதே கதைதான். எங்கள் அம்மன் கோயில் திருவிழா பத்து நாள். ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்தின் பொறுப்பு. அன்றைய பூசை, பூ, மேளம், சாப்பாடு எல்லாம் அந்த வீட்டாருடையது. காணியைப் போல அந்த நாளும் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வரும். எனக்கு வீட்டோடு சேர்ந்து வந்தது நாலாந் திருவிழா. மூன்றாவது சுவிஸ்காரருடையது, ஐந்தாவது லண்டன்காரருடையது. முன்பு மூன்று நாளும் ஒரே மாதிரித்தான் நடக்கும். யார் வீட்டு மோதகம் இனிப்பு என்பதில் மட்டும் போட்டி இருக்கும்.

இப்போது மூன்றாம் நாளைக்கு மேளத்துக்குப் பேர்போன அளவெட்டியிலிருந்து கூட்டம் கூட்டமாக மேளகாரர் வந்து, மாறி மாறி வாசித்துச் சமா வைக்கிறார்கள். ஒழுங்கை முழுக்க மின்விளக்கு எரியும், ஐஸ்கிறீம் வான் கோயில் வாசலிலேயே நிற்கும். ஐந்தாம் நாளைக்கு வாணவேடிக்கை. போன முறை சாமிக்கு மேலே ஏதோ வண்டு போல ஒரு மிசினைப் பறக்கவிட்டுப் பூச் சொரிந்தார்கள். நடுவில் எங்கள் நாலாம் நாள். ஒரு நாதஸ்வரம், ஒரு தவில், வாழைமரம், மோதகம், கடலை. ஊர்ச்சனம் மூன்றாம் நாள் களைப்பை ஆற்றவும் ஐந்தாம் நாளைக்கு உடுப்பு தோய்த்து மினுக்கவும் அந்த நாளைப் பயன்படுத்திக்கொள்ளும்.

போன வருசத் திருவிழாவுக்குச் சில கிழமைகள் முந்தி சுவிஸ்காரர் வந்து இறங்கினார். சின்ன வயதிலிருந்து எனக்கு அவர் அண்ணைதான். வந்த மறுநாள் பின்னேரம் எங்கள் வீட்டுக்கு வந்து, விறாந்தையில் பிளாஸ்டிக் கதிரையின் நுனியில் இருந்து, தோட்டத்தைப் பற்றியும் மழையைப் பற்றியும் கதைத்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"தங்கச்சி, குறை நினையாதை. முந்தின நாள் ஒரு வெளிச்சம், அடுத்த நாள் ஒரு வெளிச்சம், நடுவிலை இருண்டு போய்க் கிடக்குது. உங்களுக்கும் கஷ்டம்தானே. நாலாவதையும் சேத்து நானே செய்யிறன். உங்கடை பேரைச் சொல்லியே செய்யிறன்."

என் கணவர் சீமெந்து நிலத்தில் போட்டிருக்கிற பூக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு உள்ளங்காலிலிருந்து கோபம் ஏறியது. முகத்தில் காட்டாமல் உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றினேன், வேண்டுமென்றே ஒரு கரண்டி சீனிகூடப் போடவில்லை. அண்ணை ஒரு வாய் குடித்துவிட்டு முகம் மலர்ந்தார். தனக்குச் சீனி வருத்தம் என்று நினைவு வைத்துப் போடாமல் தந்தது நான் ஒருத்திதானாம். என் கோபத்தால் ஆன பயன் அவ்வளவுதான்.

யோசித்துச் சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டோம். அதற்குப் பிறகு வீட்டில் நிம்மதி இல்லை. பேர் எங்கள் பேராக இருந்தால் போதும்தானே என்று கணவர் மெல்ல இழுத்தார். மகள் நேராகவே சொன்னாள், கொடுத்துவிடச் சொல்லி. அதற்கு முந்தின வருசம் எங்கள் திருவிழாவன்று அவளோடு படிக்கிற பிள்ளை ஒன்று ஊருக்கு வந்து, "இண்டைக்குத் திருவிழா இல்லாத நாளோ?" என்று கேட்டதாம். இவள் ஓம் என்று தலையாட்டிவிட்டாளாம். அதைச் சொல்லும்போது அழுதாள். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அன்றைக்கு முழுவதும் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன். காரை பெயர்ந்த தூண், கால் ஆடுகிற மேசை, சாயம் போன திரைச்சீலை. எல்லாம் எத்தனையோ வருசமாக அப்படித்தான் இருந்தன. அன்றுதான் அவை எனக்கு வறுமையாகத் தெரிந்தன.

ஒரு பொருளை விற்பதென்றால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. நாலாந் திருவிழாவன்று மேளகாரர் ஒழுங்கையால் வந்து எங்கள் வீட்டு வாசலில் நின்று வாசித்து, பண்டம் எடுத்துப் போக எங்களைக் கூப்பிடுவார்கள். தேங்காய், பழம், பூ, மோதக மா எல்லாவற்றையும் தட்டங்களில் வைத்து, மேலே வெள்ளைத் துணி பிடித்து, மேளத்தோடு கோயிலுக்குப் போவோம். அம்மா போனாள், பிறகு நான் போனேன். வருசத்தில் அந்த ஒரு நாள் நாங்கள் யார் என்று எங்களுக்கே தெரியவரும். அதைக் கொடுத்துவிட்டால் மிச்சம் முந்நூற்றுச் சொச்சம் நாளும் நாங்கள் இரண்டு மாடிக்கு நடுவில் இருக்கிற ஆட்கள் மட்டும்தான்.

இரண்டு மூன்று நாள் கழித்து, நான் கத்தரிக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தபோது அண்ணை தோட்டத்துக்கே வந்துவிட்டார். மறுமொழி கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து மண்வெட்டியை இறுக்கிப் பிடித்தேன். அவரோ சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, காற்சட்டையை மடித்துக்கொண்டு, வாய்க்காலுக்குள் காலை வைத்து நின்றார். கோபமோ என்று கேட்டார். நான் மண்வெட்டியால் வாய்க்காலை மறித்து அடுத்த பாத்திக்குத் தண்ணீரைத் திருப்பினேன்.

பிறகு அவராகவே சொல்லத் தொடங்கினார். அங்கே ஒரு ஹோட்டலின் சமையலறையில் வேலை. காய்கறி வெட்டுவதும் சட்டிபானை கழுவுவதும். இருப்பது மாடித்தொடரில் சின்ன வீடு ஒன்று. மற்ற வீட்டுக்காரர் எல்லாரும் கார் வைத்திருக்கிறார்கள், பனிக்காலத்தில் மலைக்குப் போகிறார்கள். இவருடைய மகள் தன் சிநேகிதிகளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வருவதில்லையாம், வீடு சின்னதாம். இங்கே மாடி கட்டியது எப்படி என்று நான் கேட்கவில்லை. அவருடைய கைகளைப் பார்த்தால் தெரியும், சுடுதண்ணீரிலேயே ஊறி வெளிறிப் போன கைகள்.

"அங்கை என்ரை பேரைக்கூட ஒருத்தருக்கும் சரியாச் சொல்ல வராது, தங்கச்சி. இஞ்சை வந்தால் நான் மூண்டாந் திருவிழாக்காரன். அது ஒரு நாளோடை முடிஞ்சு போகுது. அதுதான் உன்ரை நாளையும் கேட்டனான்."

நான் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வரம்பில் உட்கார்ந்துவிட்டேன். எங்களை ஏழைகள் என்று இரங்கி வந்தவர் என்று நினைத்து நான் சீனி போடாமல் தேத்தண்ணி கொடுத்த மனிதர், எங்களிடம் இல்லாததைத் தர வரவில்லை. எங்களிடம் இருந்ததைக் கேட்டு வந்திருக்கிறார். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஆனால் கோபம் போனதும் பயம் வந்துவிட்டது, ஏனென்றால் கோபத்தை வைத்து மறுத்திருக்கலாம், இப்போது எதை வைத்து மறுப்பது? அன்றைக்கு அவர் இன்னொரு தரம் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். அவர் கேட்கவில்லை. அதற்கும் நான் நன்றி சொல்ல வேண்டும்.

திருவிழா கிட்டியதும் மோதகத்துக்கு மா வறுக்கத் தொடங்கினேன். எப்போதும் போல முன்வீட்டுப் பிள்ளை உதவிக்கு வந்தாள், பிள்ளைகளைப் பெற்றவள் என்றாலும் எனக்கு அவள் பிள்ளைதான். எங்கள் வாசலுக்கு நேர் எதிரே, ஒழுங்கையின் மற்றக் கரையில் இருக்கிற தகரக் கூரை வீடு அவளுடையது. வடக்குப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து, முகாம்களில் கனகாலம் இருந்து, ஆமி பிடித்த சொந்தக் காணி இன்னும் விடுபடாததால் இங்கே யாரோ தந்த துண்டு நிலத்தில் அரைச்சுவர் எழுப்பி இருக்கிறார்கள். புருசன் மேசன்மாருக்கு உதவி ஆள். இரண்டு மாடிக்கும் சீமெந்து குழைத்தது அவர்தான். கோயிலுக்கு வருவார்கள், கும்பிடுவார்கள், கூட்டித் துப்புரவாக்குவார்கள். ஊருக்குப் பிந்தி வந்தவர்கள் என்பதால் திருவிழாவில் பங்கு இல்லை.

நான் அடுப்படியில் நின்று மாவைக் கிளறிக்கொண்டு என் புலம்பலைத் தொடங்கினேன். பெரிய வீடு என்று இருந்த ஆட்கள் இப்படியாகிவிட்டோம், பிள்ளை வெட்கப்படுகிறாள், ஒரு மேளத்தோடு திருவிழா செய்தால் சனம் சிரிக்கிறது, ஏழைக்கு எதற்குத் திருவிழா என்று. அவள் மாவை அரித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். அரிதட்டு ஆடுகிற சத்தம் நின்றது.

"அக்கா, குறை நினையாதையுங்கோ. உங்கடை வீட்டுக்கு முன்னாலை வாற வரைக்கும் நாங்கள் ஏழையள் எண்டு எனக்குத் தெரியாது."

அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னாள், மா இன்னும் வறுபட வேண்டும் என்று சொல்கிற மாதிரி. முகாமில் எல்லாருக்கும் ஒரே தறப்பாள் கொட்டில், ஒரே வரிசை, ஒரே பருப்பு. அவளிடம் இரண்டு வாளி இருந்தது, அதனால் அவளிடம் இரவல் கேட்க ஆட்கள் வருவார்களாம், அங்கே அவள் வசதிக்காரி. இங்கே வந்து முதல் நாள் காலையில் வாசல் கூட்ட வெளியே வந்தவள் நிமிர்ந்து பார்த்தது எங்கள் விறாந்தையைத்தான். மாடிகள் அவள் கண்ணில் படவேயில்லையாம். அவை வேறு உலகம். எங்கள் வீடு எட்டக்கூடிய மாதிரி இருந்ததாம், அதனால்தான் அது அவளைச் சுட்டதாம்.

"என்ரை பிள்ளையள் உங்கடை வீட்டைப் பெரிய வீடு எண்டுதான் சொல்லுறவை," என்றாள்.

கன வருசத்துக்குப் பிறகு அந்தப் பேரைக் கேட்கிறேன். சந்தோசப்படுவதா என்று தெரியவில்லை. நான் அண்ணாந்து அண்ணாந்து இரண்டு மாடிகளைப் பார்த்து மாய்ந்துகொண்டிருந்த காலம் முழுக்க, என் வாசலுக்கு நேரே ஒருத்தி என் வீட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். என் கண் அந்தத் தகரக் கூரையில் பட்டிருந்தால் நான் ஒரு நாளும் ஏழையாகியிருக்க மாட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு இன்னொன்றும் சொன்னாள். அவர்களுடைய ஊரில் செம்மண் தோட்டம் இருந்ததாம், எங்களுடையதைவிடப் பெரியது. அங்கே பிள்ளையார் கோயிலில் அவர்களுக்கு ஆறாந் திருவிழாவும் இருந்ததாம். மேளம் வீட்டு வாசலுக்கு வருமாம்.

அடிப்பிடித்த மணம் வந்த பிறகுதான் எனக்குச் சுயநினைவு வந்தது. சட்டியிலிருந்த மா கருகிவிட்டது. அவள் என் கையிலிருந்து அகப்பையை வாங்கிக்கொண்டு சட்டியை இறக்கினாள்.

அன்று பின்னேரம் கணவரிடம் சொன்னேன். நாலாந் திருவிழாவைக் கொடுக்கப் போவதில்லை, ஆனால் இனிமேல் அது எங்களுடையது மட்டுமில்லை, முன்வீட்டுக்கும் பாதி என்று. அவர் எதற்கும் யோசிப்போம் என்கிற மனிதர். அன்றைக்கு யோசிக்கவில்லை. "ஓம், அதுதான் சரி," என்று சொல்லிவிட்டு வாழைமரம் பார்க்கப் போய்விட்டார்.

முன்வீட்டுப் பிள்ளைதான் பயந்தாள். ஊர் என்ன சொல்லும் என்றாள், தங்களிடம் என்ன இருக்கிறது என்றாள். அவளுடைய புருசன் ஒரே பேச்சில் முடித்தார், பூ முழுவதும் தங்கள் பொறுப்பு, சும்மா வந்து நிற்க மாட்டோம் என்று. கோயில் சபைத் தலைவர் வழக்கமில்லையே என்று இழுத்தார். வழக்கத்தை நான் மாற்றவில்லை, மேளம் நாலாந் திருவிழாக்காரர் வீட்டுக்குத்தான் வரப்போகிறது, இனி அது இரண்டு வீடு, அவ்வளவுதான் என்றேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்திருக்கும். அவர் திருவிழாக் கொப்பியை எடுத்து இரண்டு வீட்டையும் எழுதிக்கொண்டார்.

கடைசியாக அண்ணையிடம் போனேன். அது கஷ்டமான நடை. நாளைத் தர முடியாது என்று சொல்லி, காரணத்தையும் சொன்னேன். அவர் தன் பெரிய கேற்றின் கொண்டியை ஒருதரம் போட்டு ஒருதரம் கழற்றினார். அண்ணை, நாள்தான் தர முடியாது, வேலை நிறைய இருக்கிறது, தேங்காய் திருவ, காய் வெட்ட ஆள் இல்லை என்று தொடர்ந்தேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வேலையில் தன்னை வெல்ல இந்த ஊரில் ஆள் இல்லை என்றார்.

திருவிழாவன்று விடிய வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். பூசணிக்காய் அவர் கையில் பட்ட வேகத்தில் துண்டு துண்டாக விழுந்தது. பெண்கள் வெட்டுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் பட்டு வேட்டியும் சங்கிலியுமாகக் கும்பிட்டுக்கொண்டு நின்றவரை விட, அன்று வியர்வையோடு இருந்த அண்ணைதான் எனக்குத் தெரிந்த பழைய அண்ணை. ஏன் இவ்வளவு வருசமும் கூப்பிடவில்லை என்று என்னை ஒரு தரம் ஏசினார்.

பின்னேரம் மேளம் ஒழுங்கைக்குள் வந்தது. வழக்கத்தில் எங்கள் வாசலுக்குத்தான் திரும்பும். என் கணவர், கூட்டத்தில் முன்னுக்கு வரவே கூச்சப்படுகிறவர், விறுவிறென்று நடந்து போய் மேளகாரரை மறித்து, மற்றக் கரையைக் கையால் காட்டினார். தகர வீட்டு வாசலில், மேசை இல்லாததால் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் வெள்ளைத் துணி விரித்து நிறைகுடம் வைத்திருந்தார்கள். வளவுச் செவ்வரத்தையும் நித்தியகல்யாணியும் தட்டம் தட்டமாக இருந்தன. தவில்காரர் அடித்த அடிக்குக் கூரைத் தகரமும் சேர்ந்து அதிர்ந்தது. முன்வீட்டுப் பிள்ளை முதல் தட்டத்தைத் தலையில் வைத்துக்கொண்டு ஒழுங்கையில் இறங்கினாள். அவளுக்கு மேலே வெள்ளைத் துணி பிடித்தவர்களில் என் மகளும் ஒருத்தி. எனக்குக் கண் நிறைந்து வழி தெரியவில்லை, முன்னால் போனவளின் சேலைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டுதான் கோயில்வரை நடந்தேன்.

பெரிதாகச் சனம் கூடிவிட்டது என்று சொன்னால் அது பொய். எப்போதும் வருகிறவர்கள்தான் வந்தார்கள். மற்றவர்கள் ஐந்தாம் நாளைக்கு உடுப்பு மினுக்கிக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். மேளமும் ஒன்றுதான், மோதகமும் அதே மோதகம்தான், கருகியது போக மிஞ்சிய மாவில் செய்தது. ஆனால் அன்றைக்கு நான் ஒரு தரம்கூட மூன்றாம் நாளையோ ஐந்தாம் நாளையோ நினைக்கவில்லை. இதை நான் அம்மனுக்குச் சொன்னேன், அவளுக்குத் தெரிந்திருக்கும் என்றாலும்.

மாடிகள் இரண்டும் அப்படியே நிற்கின்றன. வெளிச்சம் இப்போதும் எங்கள் முற்றத்தில் விழுகிறது. வெடிப்பு வெடிப்பாகத்தான் இருக்கிறது, பூச வேண்டும். சில நாள் எனக்குப் பழைய வருத்தம் வரும், வந்தால் வாசலுக்குப் போய் முன்வீட்டுப் பிள்ளையோடு கதைத்துவிட்டு வருவேன். அவளைப் பார்த்து நான் வசதிக்காரி என்று ஆறுதல்பட அல்ல, அந்தக் கணக்கு எந்தப் பக்கம் பார்த்தாலும் தீராது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவளும் நானும் அடுத்த திருவிழாவுக்கு என்ன செய்யலாம் என்று பேசுவோம், நேரம் போவதே தெரியாது.

இந்தக் கிழமை மகளுக்கு ஒரு பார்சல் வந்தது. கொண்டு வந்தவர் புது ஆள். சந்தியில் நின்று போன் எடுத்தார். நான் வழக்கம்போல ரெண்டு மாடி வீடு வரும் தம்பி என்று தொடங்கினேன். அவர் இடைமறித்தார்.

"தெரியும் அக்கா. கடைக்காரர் சொன்னவர். மேளம் வந்த தகர வீட்டுக்கு முன் வீடுதானே?"

"ஓம் தம்பி, அதுதான்," என்று சொல்லிவிட்டு, அவர் வரும்வரை கேற்றடியில் போய் நின்றேன்.